பாதிக் கமர்கட்டு

ஏதோ ஒரு வைரஸ் வந்து போனபின், என் மகள் யாழிசையின் கல்லீரலை அவள் உடம்பே எதிரியாக நினைத்துத் தாக்கத் தொடங்கியது. அந்த வைரஸ் யாரிடமிருந்து வந்தது என்பதையும் இப்போதெல்லாம் ரத்தமே சொல்லிவிடுகிறது. அறிக்கையில் ஒரே பெயர்: தன்ஷிகா, நான்காம் வகுப்பு, எச்சில் வழி. அவளுக்கு அது வெறும் சளிக்காய்ச்சலாம். நகல் அவள் வீட்டுக்கும் போனது.

“கமர்கட்ட சட்டையில சுத்தி காக்கா கடிதாம்மா கடிச்சுக் குடுத்தா. எச்சியே படல,” என்று அழுதாள் யாழிசை.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மாத்திரைகளோடு அவளைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்பினேன். தன்ஷிகாவை வேறு பள்ளியில் சேர்த்துவிட்டிருந்தார்கள். மற்றப் பிள்ளைகள் யாழிசைக்கு எதையும் நீட்டவில்லை. அடுத்த அறிக்கையில் தங்கள் பெயர் வந்துவிடும் என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள்.

சாயங்காலம் துவைக்க எடுத்த அவள் சட்டையின் நுனி ஈரமாக, பல் பதிந்து கிடந்தது. சட்டைப் பையில் பாதிக் கமர்கட்டு.

“இது யாருக்குடி?”

“யாருக்கும் இல்லம்மா. கடிச்சா ரெண்டாத்தான உடையுது.”