எட்டுக் கிண்ணப் பாயசம்

“அடப்பாவி! நாய்க்கு வெச்ச பாயசத்தையா தின்னே?”

மைனா போட்ட கூச்சலில் தெருவே திரும்பிப் பார்த்தது.

நேபாளத்தின் திஹார் பண்டிகையில் அன்று நாய்களுக்கான நாள். எட்டு வீட்டு நாய்களும் நெற்றியில் குங்குமம், கழுத்தில் சாமந்தி மாலையோடு மாப்பிள்ளை முறுக்கில் உட்கார்ந்திருந்தன. பூஜை முடிந்து, பாயசத்தைக் கிண்ணங்களில் போட்டு வைக்கும் வேலை தேக் பகதூருக்கு. பட்டாளத்தில் நாய் மேய்த்தவன் என்று தெருவே கிண்டல் செய்யும் காவலாளி.

அவன் வாய் நிறையப் பாயசம். பாத்திரம் காலி. எட்டுக் கிண்ணங்களிலும் ஏதோ வெள்ளையாக இருந்தது.

மைனா குனிந்து பார்த்தாள். வெறும் சோறு, வேகவைத்த கோழி.

“உப்பில்ல, மசாலா இல்ல. இதான் பண்டிகைச் சாப்பாடா? நெய்யும் கிஸ்மிஸுமாக் கொட்டி, விடியக்காலைல எழுந்து பண்ணினேன்டா!”

அவன் விழுங்கிவிட்டு, உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினான்.

“போன வருஷம் பூஜை நேரத்துல அபசகுனமா ஒரு வார்த்தை சொன்னே. என் நாய் கைரே பத்து நாள் எழுந்திருக்கல. செத்துப் பிழைச்சுது. அதான் இந்தத் தடவை வாயைத் திறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன்.”

“திறந்துட்டாரே, நல்லாவே திறந்துட்டாரே!” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். தெரு சிரித்தது.

மறுநாள் கைரேக்கு, போன வருஷ நோய்க்குப் பிறகு வழக்கமாகிவிட்ட சிறுநீரகப் பரிசோதனை. பிள்ளை இல்லாத வீட்டில் அதுதான் பிள்ளை.

ஆஸ்பத்திரியில் நிற்க இடமில்லை. மாலைகூடக் கழற்றாத நாய்களுக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தது.

“எல்லாம் நேத்து விருந்து சாப்பிட்ட கூட்டம்” என்றார் டாக்டர். “உங்க கைரே பரவாயில்லையே, சிங்கமாட்டம் நிக்குது! போன வருஷம் என்ன சாப்பிட்டுதுன்னு கேட்டதுக்குப் பிரசாதம்னு சொன்னீங்க. என்ன பிரசாதம்?”

“பாயசம்தான் டாக்டர். கிஸ்மிஸ் நிறையப் போட்டு...”

“அதான் சிறுநீரகத்தை அடிச்சிருக்கு! நாய்க்குக் கிஸ்மிஸ் ஆகவே ஆகாது. நேத்தும் தின்னிருந்தா நீங்க தனியாத்தான் வீட்டுக்குப் போயிருப்பீங்க.”

மைனா கைரேயை இறுகக் கட்டிக்கொண்டாள்.

தெருமுனையில் மற்ற ஏழு நாய்களும் துள்ளிக் குதித்து வரவேற்றன. கைரே கயிற்றை உருவிக்கொண்டு ஓடி அந்தக் கூட்டத்தில் கலந்தது. அவற்றுக்கு நடுவே, வயிற்றைப் பிடித்தபடி முக்காலியில் தேக் பகதூர்.

மைனா வீட்டுக்குள் ஓடி, வாடாமல்லி மாலையோடு வந்தாள். சகோதரர்களுக்குப் பொட்டு வைக்கும் நாளுக்காகக் கட்டியது. எல்லோரும் பார்க்க அவன் கழுத்தில் போட்டாள்.

“நாளைக்கு மறுநாள் போட வேண்டியது. இன்னிக்கே போட்டுட்டேன் தம்பி. கீழேயாவது கொட்டியிருக்கலாமே, எதுக்கு நீயே தின்னே?”

“சாமிக்குப் படைச்சதைக் கொட்டலாமா தீதி?”

“சரி, கிஸ்மிஸ் ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

தேக் பகதூர் ஏப்பம் விட்டுச் சிரித்தான்.

“போன வருஷம் நான் சொன்ன அபசகுன வார்த்தையே அதுதானே தீதி... ‘கிஸ்மிஸ் நாய்க்கு விஷம்’!”