ஒரு நிமிஷத் தாளம்

"ஒரு நிமிஷம் யாரும் வாயத் தொறக்கக் கூடாது. இருமல் வந்தா வெளிய போய் இருமிக்கங்க" என்று சொல்லிவிட்டு பாலகுமார் செல்போனை நீட்டிப் பிடித்தான். அக்கா ஜோதிமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ரெக்கார்டிங் ஆரம்பமானது.

பாடியது யாருமில்லை. அவள் வீட்டுக்காரர் வேலப்பன் மலையூரான பூண்டியில் போட்டிருந்த கேரட் கழுவுற மெஷின்தான் ஓடிக்கொண்டிருந்தது. இரும்பு டிரம் சுற்றச் சுற்ற, உள்ளே ஒரு மூட்டைக் கேரட்டும் தண்ணியுமாகத் தடதடவென்று புரண்டன.

"போதும்ல?" என்றார் வேலப்பன். "இத அனுப்பு மாப்ள. நீ போட்ட தாளம்னு எழுது. ஒன் வாத்தியாரு வண்டவாளம் இன்னிக்குத் தெரிஞ்சிரும்."

திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசில், சென்னைக்காரர் ஒருவர் ஆன்லைனில் நடத்தும் இசையமைப்புக் கோர்ஸில் பாலகுமார் சேர்ந்திருந்தான். மொத்தம் அறுபதாயிரம், முதல் தவணை இருபது கட்டியாகிவிட்டது. வேண்டாம் என்றால் பத்து நாளைக்குள் சொல்ல வேண்டும், பணம் திரும்பி வரும். பத்தாவது நாள் இன்று, சாயங்காலம் ஆறு மணியோடு முடிகிறது.

இதுவரை அனுப்பிய இரண்டு வீட்டுப்பாடத்துக்கும் "அருமை, தொடருங்கள்" என்றுதான் பதில் வந்தது. அந்த ஆள் காது கொடுத்துக் கேட்கிறாரா, கேட்காமலே எல்லோருக்கும் அதையே அனுப்புகிறாரா என்று பிடிபடவில்லை. லீவில் ஊருக்கு வந்தும் மூன்று நாளாக அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"மெஷினுன்னு கண்டுபிடிச்சுட்டார்னா, மச்சான்?"

"கண்டுபிடிச்சா நல்ல வாத்தியாரு, நீ படி. பாட்டுன்னு நெனச்சுப் பாராட்டுனார்னா ஊர ஏமாத்துற ஆளு, விட்டுரு. வெரசா அனுப்பு, லோடு வண்டி வர்ற நேரம். எனக்குச் சோலி கெடக்கு."

அனுப்பினான். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவனே இரண்டு தரம் கேட்டுப் பார்த்தான். தடதட என்றது. வேறொன்றும் தெரியவில்லை.

நாலரை மணிக்குப் பதில் வந்தது. வழக்கம்போல எழுத்தில் இல்லை, குரலில் வந்திருந்தது. வேலப்பன் மெஷினை நிறுத்திவிட்டு, ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"வணக்கம் பாலகுமார். இந்த மாசம் எனக்கு வந்ததுலயே இதுதான் பெஸ்ட். மழை வர்ற மாதிரி இருக்கு, ஒரு கூட்டம் நடந்து போற மாதிரியும் இருக்கு. நாலு தடவை கேட்டேன். ஒவ்வொரு எட்டாவது அடியும் மட்டும் கொஞ்சம் தளர்ந்து விழுது. அதைச் சரி பண்ணிட்டு அனுப்புங்க. வாழ்த்துகள்."

வேலப்பன் சிரித்த சிரிப்பில் தகரக் கொட்டகை அதிர்ந்தது. "ஏலே, நாலு தடவ கேட்டாராம்ல. அடியே ஜோதி, நம்ம கேரட்டு தாளம் தப்பி உருளுதாம். நாளைக்கு அதுகளுக்கும் ஒரு சார்வாள வச்சுச் சொல்லிக்குடுப்போமா?"

"சும்மா இருங்க. அவன் மூஞ்சியப் பாருங்க" என்றாள் ஜோதிமணி.

பாலகுமார் செல்லில் பணம் திரும்பக் கேட்கும் பக்கத்தைத் திறந்தான். காரணம் என்ற கட்டத்தில் 'வாத்தியாருக்குக் காது கிடையாது' என்று அடித்தான். மரியாதையாக இல்லை என்று அழித்துவிட்டு, 'குடும்பச் சூழ்நிலை' என்று போட்டு அனுப்பினான். உங்கள் கோரிக்கை கிடைத்தது, மனம் மாறினால் ஆறு மணிக்குள் ரத்து செய்யலாம் என்று உடனே பதில் வந்தது.

"விடு மாப்ள. இதோட தப்பிச்சோம்னு நெனச்சுக்க. திருப்பூருக்குப் போயி இருக்கிற வேலையப் பாரு" என்று அவன் முதுகைத் தட்டிவிட்டு வேலப்பன் மெஷினைப் போட்டார்.

அடுத்த மூட்டை பாதிகூடக் கழுவியிருக்காது. உள்ளே ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. டிரம் முக்கி முனகி நின்றது. வாய் வழியாக முழுக் கேரட்டுக்குப் பதிலாகப் பொரியலுக்கு நறுக்கிய பதத்தில் துண்டு துண்டாக வந்து விழுந்தது.

வெல்டிங் பட்டறை குமரகுருவை ஆள்விட்டுக் கூட்டிவந்தார்கள். அவர் டார்ச்சோடு தலையை டிரம்முக்குள் விட்டு, ரொம்ப நேரம் கழித்து வெளியே எடுத்தார்.

"உள்ள கேரட்டப் பொரட்டி விடுறதுக்கு எட்டு தகடு இருக்குல்லண்ணே, அதுல ஒண்ணு வெல்டிங் விட்டுக் கழண்டுருச்சு. இன்னிக்கு விட்டதில்ல இது. ஒரு வாரமாவே ஆடிக்கிட்டுத்தான் இருந்திருக்கும், சத்தத்துலயே தெரியுமே. யாருமே கவனிக்கலயா?"

பாலகுமார் ஹெட்போனை மாட்டி, மத்தியானம் எடுத்த ரெக்கார்டிங்கைப் போட்டு விரல் விட்டு எண்ணினான். ஏழு வரைக்கும் ஒழுங்கு. எட்டாவது விரலில் அவன் கை நின்றது.

மறுபடியும் எண்ணினான். பிறகு ஹெட்போனைக் கழற்றி வேலப்பன் தலையில் மாட்டிவிட்டான்.

வேலப்பன் கண்ணை மூடிக்கொண்டு முழு நிமிஷமும் கேட்டார். மெதுவாகக் கழற்றி, செல்லில் மணி பார்த்தார். ஆறு மணி ஆவதற்கு இன்னும் எட்டு நிமிஷம் இருந்தது.

"மிச்சப் பணத்த நான் கட்டுறேன் மாப்ள" என்றார். "நம்ம டிராக்டர் சத்தத்தயும் அனுப்பு."