மாமனார் பேரு என்ன?

"உங்க பேரு என்ன?"

ஊசியும் கையுமாக நின்று வடிவாம்பாள் கேட்டதும், ஆண்கள் வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது.

ஐந்தாம் எண் கட்டிலில் படுத்திருந்தவர் அவளுடைய மாமனார்.

"என் பேரு உனக்குத் தெரியாதா?" என்றார் ராமலிங்கம்.

"நீங்கதான் சொல்லணும். உங்க அப்பா பேரையும் சேர்த்து."

"நாலு வருஷமா என் வீட்டுல இருக்கிறே. உன் கல்யாணப் பத்திரிகையில போட்டிருந்த பேருதான். போய்ப் பாரு!"

"இங்க எல்லாருக்கும் ஒரே வழக்கம்தாங்க."

'மாமா' என்றுகூட அவள் சொல்லவில்லை.

எதிர் வரிசையில், பன்னிரண்டாம் எண் கட்டிலில் இருந்த திருப்புட்குழி முனிசாமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சர்க்கரை வியாதிக்காரர், பேச்சிலும் சர்க்கரைக்குக் குறைவில்லை.

"மாமனார் பேரை மருமவ சொல்லக் கூடாதுன்னுதான் கேள்விப்பட்டுக்கிறேன். கேக்கக் கூடாதுன்னு யாரு சொன்னது? சொல்லிடு பெரியவரே!"

ராமலிங்கத்துக்கு முகம் சிவந்தது. பிள்ளையார்பாளையத்தில் நாலு தறி ஓடும் வீடு அவருடையது. தறிக்குழியில் ஆணி குத்திக் கால் புரையோடிப்போனதால்தான் இந்தக் கட்டிலில் கிடக்கிறார்.

"என் பேரு முனிசாமி. போதுமா?" என்றார் வீம்பாக.

வடிவாம்பாள் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

அரை மணி நேரம் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்தவர், அவரே அவளைக் கூப்பிட்டார்.

"ராமலிங்கம். தகப்பன் பேரு குமாரசாமி. போடு!"

அன்றிலிருந்து காலையும் மாலையும் இதே கூத்து. அவளுடைய வெள்ளைப் புடவை கண்ணில் பட்டாலே, கேட்பதற்கு முன்பே அவர் ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டார். வார்டு சிரித்தது.

புதன்கிழமை பார்க்க வந்த மகன் கலியாணசுந்தரத்திடம் பொங்கிவிட்டார்.

"உன் பெண்டாட்டி என்னை நாலு பேர் எதிர்ல சிரிக்க வெக்கிறாடா. சொந்த மாமனாரா, வழியில போறவனான்னு அவளுக்குத் தெரியல. இந்த நர்சு வேலை நமக்கு வேணாம். விடச் சொல்லு!"

"வெள்ளிக்கிழமை வர்றேன்பா. உங்க எதிர்லயே முடிவு பண்ணிடறேன்."

வியாழக்கிழமை வடிவாம்பாளுக்கு விடுப்பு. அன்று கிருத்திகை வேறு, ராமலிங்கம் விரதம்.

மத்தியானம் முனிசாமியிடம் சொன்னார்: "இந்த வரிசையில வடக்கே தலை வெச்சுப் படுக்க வேண்டியிருக்குதுபா. அதனாலதான் புண்ணு ஆறல."

"எனக்கு எந்தத் திக்கா இருந்தா இன்னா? நீ இங்க வந்து படு."

இருவரும் கட்டில் மாறிக்கொண்டார்கள். மருந்துச் சீட்டுகள் அந்தந்தக் கட்டிலிலேயே தொங்கின.

சாயங்காலம், பெண்கள் வார்டிலிருந்து அன்றைக்குத்தான் மாறி வந்திருந்த பெரியநாயகி சிஸ்டர் ஊசியோடு வந்தாள். சிரித்த முகம்.

"எப்படிப்பா இருக்கீங்க? வலிக்காம போட்டுடறேன், கையை நீட்டுங்க."

ராமலிங்கத்துக்கு மனசு குளிர்ந்தது. கையை நீட்டினார்.

"நீ ரொம்ப நல்ல பொண்ணும்மா. எங்க வீட்டு மகாராணின்னா இந்நேரம், 'உங்க பேரு என்ன, அப்பா பேரு என்ன'ன்னு ஆரம்பிச்சிருப்பா. நானும், 'ராமலிங்கம், தகப்பன் பேரு குமாரசாமி'ன்னு கைகட்டிச் சொல்லணும்!"

வார்டு கொல்லென்று சிரித்தது. பெரியநாயகி சிரிக்கவில்லை. கட்டிலில் தொங்கிய சீட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். ஊசியைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"நீங்க... முனிசாமி இல்லியா?"

"அவரு அங்க இருக்கிறாரே. ஏன்?"

"இது அவருக்குப் போடற, சர்க்கரையைக் குறைக்கிற ஊசிப்பா. நீங்க இன்னிக்குச் சாப்பிட்டீங்களா?"

"விரதம்மா. வெறும் வயிறு."

அவள் அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"வெறும் வயித்துல இதைப் போட்டிருந்தா, ராத்திரிக்குள்ள உங்க உயிருக்கே ஆபத்தாயிருக்கும்பா."

ராமலிங்கம் எழுந்து, காலை இழுத்துக்கொண்டு ஐந்தாம் எண் கட்டிலுக்குப் போனார். முனிசாமியை எழுப்பி அனுப்பிவிட்டு, வடக்கே தலை வைத்துப் படுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை. கட்டிலருகே கலியாணசுந்தரம் நின்றிருந்தான். வீட்டிலேயே மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தான்: "இன்னிக்கும் அப்பாகிட்ட பேரைக் கேட்டே, இன்னியோட உன் வேலைக்கு முழுக்கு."

வடிவாம்பாள் ஊசியோடு வந்தாள். புருஷனைப் பார்த்தாள். வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் பஞ்சால் மாமனாரின் கையைத் துடைத்தாள்.

ராமலிங்கம் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"முதல்ல என் பேரைக் கேளு," என்றார், மகனைப் பார்த்தபடி. "பேரைக் கேக்காம ஊசி போடறவ எங்க வீட்டு மருமவளா இருக்க முடியாது!"