கதவைத் தட்டிய இன்சுலின்

கதவைத் தட்டித் தட்டியே கை வீங்கிப்போன ஒருத்தனைப் பார்த்திருக்கிறீர்களா? கோதண்டத்தின் உடம்புக்குள் இருந்த இன்சுலினுக்கு அந்தக் கதிதான். ரத்தத்தில் வந்து சேரும் சர்க்கரையைச் சதைக்குள் கொண்டுபோய் விடுவது அவன் வேலை. தொடைச் சதையோ கதவைத் திறக்கவே இல்லை.

"போடா! காலையில நீ இறக்குன சர்க்கரையே இன்னும் செலவாகல. அந்த ஆளு நாற்காலிய விட்டு எழுந்தாத்தானே?"

"தினமும் நடக்கப் போறாரே, அக்கா?"

"மைதானத்துக்கு பைக்குல போறாரு. ஒரு சுத்து நடந்துட்டு, வாசல்ல ரெண்டு போண்டா திங்கிறாரு. நாளைக்கு ரத்தப் பரிசோதனையாம். அதனால இன்னிக்கு மட்டும் டீயில சர்க்கரை கிடையாது!"

இன்சுலினுக்குச் சிரிப்பு வரவில்லை. கதவு திறக்காததால் ஆள்மேல் ஆளாக இன்சுலினை அனுப்பிக் கணையம் இளைத்துப்போயிருந்தது. "இன்னும் கொஞ்ச நாளில் அனுப்ப ஆளே இருக்காதுடா" என்று அவனிடம் சொல்லியும் விட்டது.

அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து ஒரு ஜிலேபி இறங்கியது. இன்சுலின் தொடைச் சதையிடம் கெஞ்சினான்.

"அக்கா, கதவக்கூட நீங்க திறக்க வேணாம். சுள்ளுன்னு ஒரு தடவ இழுத்துப் பிடிச்சு, அந்த மனுஷன எழுந்து நடக்க வச்சிடுங்களேன்!"