ஏழு ஜோடிக்கு இடம்

தாரகைக்கு நாளை பன்னிரண்டு வயது. திரைவழிப் பள்ளியில் அவளுக்கு ஏழு தோழிகள். அவர்களில் யார் நிஜப் பிள்ளை, யார் பள்ளி சேர்த்துவிட்ட, திரையில் மட்டுமே இருக்கும் கணினிப் பிள்ளை என்று யாரும் கேட்கக் கூடாது. பள்ளியின் விதி அது. தாரகைக்கும் தெரியாது.

"ஏழு பேருக்கும் பிரியாணி சொல்லிவைக்கட்டுமா?" என்று அம்மா செல்வராணி கேட்டாள். "எத்தனை பேரு நேர்ல வருவாங்க?"

"தெரியலம்மா. எல்லாரையும் கூப்பிட்டிருக்கேன்."

செல்வராணி பிரியாணிக்குச் சொல்லிவைத்தாள். வாசல் செருப்பு ஸ்டாண்டில் ஏழு ஜோடிக்கு இடம் ஒதுக்கினாள்.

மறுநாள் மாலை ஆறு தோழிகள் சுவர்த்திரையில் வந்து பாடினார்கள். ஆறு பேரும் ஊரில் இல்லையாம். தாரகை பலூன் முடிச்சைத் திருகிக்கொண்டிருந்தாள்.

அழைப்பு மணி அடித்தது. வாசலில் ஒரு சிறுமி மழையில் தொப்பலாக நனைந்து, மூச்சு வாங்க நின்றாள்.

"ஆன்ட்டி, நான் ஃபர்ஹானா. பஸ் லேட்டு. செருப்பு பூரா சேறு, எங்க விடட்டும்?"

செல்வராணி கதவை அகலத் திறந்தாள்.

"செருப்போடயே உள்ள வா, கண்ணு."