அழிக்கும் முன் ஒரு வரி

"அந்த ஒரு வரியைத் தூக்கிடு, ஜோவிலின்," என்றார் மேனேஜர் ரோல்டன். "ஏஐ மளமளன்னு வேலை பார்க்கணும். பழங்கதை படிச்சுக்கிட்டு உட்காரக் கூடாது."

"தூக்க மாட்டேன், சார்."

பிலிப்பைன்ஸின் செபு நகரத்து அந்த அலுவலகத்தில், டேட்டாபேஸை இனி ஏஐதான் பராமரிக்கப்போகிறது. எந்தக் கட்டளையை எப்படிப் போட வேண்டும் என்று அதற்குக் கையேடு எழுதியவள் ஜோவிலின். தகராறு இந்த வரியில்தான்: 'எதையும் அழிக்கும் முன், இதே கட்டளையை முன்பு யார் போட்டார், என்ன ஆனது என்று பழைய பதிவைப் பார்த்துச் சொல்.'

"போன வருஷம் கஸ்டமர் லிஸ்டையே அழிச்சவ நீ. நீ அதுக்குப் பாடம் எடுக்கிறியா?"

மீட்டிங்கில் எல்லோரும் சிரித்தார்கள். டேட்டாபேஸைக் கெடுத்தவர் ஆபீஸ் முழுக்கப் பான்சிட் நூடுல்ஸ் வாங்கித் தர வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். லிஸ்ட் அழிந்த அன்று ஷிஃப்டில் இருந்தவள் என்பதால் ஜோவிலின்தான் வாங்கித் தந்தாள்.

"என்னை வேணா தூக்குங்க, சார். வரி இருக்கும். இப்பவே சோதிச்சுப் பார்ப்போம்."

பெரிய திரையில் எல்லோரும் பார்க்க, கஸ்டமர் லிஸ்டை அழிக்கச் சொல்லி ஏஐக்குத் தட்டினாள். பதில் வந்தது.

'நிறுத்தி வைத்திருக்கிறேன். போன வருடம் மார்ச் 14 அன்று இதே கட்டளை போடப்பட்டது. லிஸ்ட் முழுதும் அழிந்தது. போட்டவர்: ரோல்டன். மறுபடியும் போடவா?'

எல்லோரும் ரோல்டன் பக்கம் திரும்பினார்கள். ஜோவிலின் லேப்டாப்பை மூடினாள்.

"ஆபீஸ்ல இருபத்திரண்டு பேர், சார். பான்சிட்டுக்கு எலுமிச்சை தனியா வைக்கச் சொல்லுங்க."