எதிர்வீட்டு நிறம்

"இது சுண்ணாம்பு. அது பல்லு கலர். எதிர்வீட்டு ஹால் கலர்தானே கேட்டேன்?"

ஏழாவது முறையாகச் சுவரில் ஒரு கட்டம் தீட்டிக் காட்டிய பெயின்டர், பிரஷைக் கீழே வைத்தார்.

"இதுக்கு மேல கலக்க வெள்ளையே இல்லம்மா."

வெள்ளையும் இல்லாமல் மஞ்சளும் இல்லாமல், மாலை வெயில் ஒட்டிக்கொண்டது போன்ற அந்த நிறத்துக்காக அவள் செய்யாதது இல்லை. புதுச் சுவர் கெட்டுவிடும் என்று சாய்வு நாற்காலி, சாம்பல் கிண்ணம், கணவர் மூன்றையும் பால்கனிக்குத் தள்ளியாயிற்று.

"நேர்லயே வந்து பாருங்க" என்று பெயின்டரை எதிர்வீட்டுக்கு இழுத்துப் போனாள்.

"அக்கா, இது எந்தக் கம்பெனி பெயின்ட்?"

"மானத்த வாங்காதம்மா! பத்து வருஷம் முன்னாடி அடிச்ச சாதா வெள்ளை. எங்க வீட்டுக்காரர் இங்கயே உக்காந்து சிகரெட்டா ஊதித் தள்ளி இப்படி ஆக்கிட்டார்."

அவள் பெயின்டரைக்கூடப் பார்க்காமல் வெளியேறினாள்.

வீடு திரும்பினால், ஹால் நடுவே சாய்வு நாற்காலி. அதில் கணவர். திறந்திருந்த கதவு வழியே எல்லாம் கேட்டிருக்கிறது.

"பெயின்டர அனுப்பிடு" என்று தீக்குச்சியை உரசினார். "பத்து வருஷம் டைம் குடு. நானே முடிச்சுத் தரேன்."